மாணவர் கையால் ஒரு மர வீடு: வாசகர் கேள்வி – பதில்

கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் ஒரு சமூகத்துக்காகத் தாங்களே திட்டம் தீட்டி, தாங்களே மரம் அறுத்துப் பொருத்தி வீடு கட்டித் தருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், கட்டுமானத் துறையினர் எனப் பலரும் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதிலளிக்கிறோம்.

கேள்வி: படிக்கிற காலத்திலேயே மாணவர்கள் உண்மையான வீடு கட்டுவது புதிய வழக்கமா? இது எங்கே தொடங்கியது? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

கட்டடக்கலை வகுப்பறைப் பாடமாவதற்கு முன்பு, கட்டடம் எழும்பும் இடமே பள்ளிக்கூடமாக இருந்தது. மூத்த தச்சர் குறித்துக் கொடுத்த கோட்டில் அறுத்துப் பழகியவர்கள்தான் பிறகு கோடு குறிக்கும் நிலைக்கு உயர்ந்தார்கள். வரைபவர் வேறு, கட்டுபவர் வேறு என்ற பிரிவு வேரூன்றிய பிறகே, ஒரு சட்டத்தைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் பட்டம் பெறுவது இயல்பாயிற்று. ஆகவே இன்று நடப்பதைப் புதிய வழக்கம் என்பதைவிட, விட்டுப்போன ஒன்றை மீட்டெடுப்பது என்பதே பொருந்தும்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்குள் அது திரும்பி வந்ததில் 1967ஆம் ஆண்டு முக்கியமானது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறைக்குத் தலைமை வகித்த சார்லஸ் மூர், முதலாண்டு முதுநிலை மாணவர்கள் சேர்ந்து ஒரு கட்டடத்தை வடிவமைத்துக் கட்டவும் வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அவர்களின் முதல் கட்டடம், கென்டக்கி மாநில மலைப்பகுதியில் நியூ சயான் என்ற சிற்றூருக்கான சமுதாயக் கூடம். 1989 முதல் அந்தத் திட்டம் பல்கலைக்கழகம் அமைந்துள்ள நியூ ஹேவன் நகரிலேயே, வசதி குறைந்தவர்களுக்கான வீடுகளில் கவனம் செலுத்தி வருகிறது.

1993இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் தொடங்கிய ரூரல் ஸ்டூடியோ இன்னொரு படி மேலே போனது. அலபாமா மாநிலத்தில் வறுமை மிகுந்த ஹேல் கவுண்டி என்ற மாவட்டத்திலேயே மாணவர்கள் தங்கி, அங்குள்ளவர்களுடன் பழகி, அவர்களுக்காகக் கட்டினார்கள். மாக்பீ 2001இல் மறைந்த பின்னும் பணி நிற்கவில்லை. இதுவரை 200க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் நிறைவேறியுள்ளன. 1995இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராக்ஹில் தொடங்கிய ஸ்டூடியோ 804 அதே காலத்தைச் சேர்ந்தது. சிலி நாட்டின் தால்கா பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளியில், மாணவர் ஒரு படைப்பை வடிவமைத்து, அதற்கான நிதியையும் தாமே திரட்டி, கட்டி முடித்தால்தான் பட்டம்.

கேள்வி: நீடித்து நிற்க வேண்டுமானால் செங்கல்லும் கான்கிரீட்டும்தானே பொருத்தம்? மாணவர்கள் ஏன் மரத்தையே நாடுகிறார்கள்? (கட்டுமானப் பொறியாளர் ஒருவர்)

முதல் காரணம் எடை. 3 மீட்டர் நீளமும் 50க்கு 150 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்ட ஊசியிலை மரச் சட்டம் ஒன்று ஏறத்தாழ 11 கிலோ இருக்கும். ஒரே ஆள் தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாம். அதே அளவில் கான்கிரீட் சட்டம் வார்த்தால் 50 கிலோவைத் தாண்டிவிடும். பளுதூக்கி இயந்திரமோ பெரிய ஆள்படையோ இல்லாமல், பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் கிடத்தி ஆணியடித்த சுவர்ச் சட்டகத்தைச் சேர்ந்து தூக்கி நிமிர்த்திவிட முடிவது மரத்தில்தான்.

இரண்டாவது காரணம் எனக்கு முதல் காரணத்தைவிட முக்கியமாகப் படுகிறது. மரத்தில் திருத்த முடியும். கான்கிரீட் தூண் இரண்டு அங்குலம் விலகி வார்க்கப்பட்டுவிட்டால் அதை உடைப்பதைத் தவிர வழியில்லை. பெரும்பாலும் உடைப்பதும் இல்லை, விலகலை மறைக்கப் பூச்சைத் தடிமனாக்கிவிடுகிறார்கள். திருகாணியும் போல்ட்டும் கொண்டு பொருத்திய மரச்சட்டத்தைக் கழற்றலாம், நகர்த்தலாம், ஒரு துண்டை மட்டும் மாற்றலாம். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இப்படித் திருத்த இடம் தரும் பொருள்தான் தேவை.

மூன்றாவது, மர வேலையில் தண்ணீர் ஊற்றிக் காயக் காத்திருக்கும் நாட்கள் குறைவு. வீட்டின் பகுதிகளைப் பட்டறையிலேயே செய்து எடுத்துச் செல்லவும் முடியும். 2007 மே 4 அன்று சூறாவளியால் ஏறக்குறைய முற்றிலும் அழிந்த, கன்சாஸ் மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க் ஊருக்காக ஸ்டூடியோ 804 மாணவர்கள் கட்டிய கலைக்கூடம் அப்படித்தான் உருவானது. பட்டறையில் பகுதி பகுதியாகச் செய்து, சாலை வழியே கொண்டுபோய், அங்கே இணைத்தார்கள். பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து மீட்ட மரப்பலகைகளே அதன் சுவருக்குப் போர்வையாயின. சூறாவளி அடித்த தேதியையே அந்தக் கட்டடத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

இந்த எளிமையை மிகத் தெளிவாக நிறுவியவர் கட்டடக் கலைஞர் வால்டர் செகல். அவர் மாணவர்களுக்காகச் சிந்தித்தவர் அல்லர். சொந்த வீடு கட்டிக்கொள்ள விரும்பிய சாதாரண மக்களுக்காகச் சிந்தித்தவர். லண்டனின் லூயிஷம் பகுதியில் 1970களின் இறுதியிலும் 1980களிலும், கட்டுமான அனுபவமே இல்லாத குடும்பங்கள் அவருடைய முறையில் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டன. கடையில் கிடைக்கும் பலகையின் அளவை வைத்தே வீட்டின் அளவைத் தீர்மானித்தார். அதனால் வெட்டுவதும் வீணாவதும் குறைந்தன. பாரத்தைத் தூண்களும் உத்தரங்களும் தாங்கியதால், சுவரைப் பின்னாளில் இடம் மாற்றவும் முடிந்தது. மாணவர் திட்டம் எதற்கும் இதைவிட நல்ல தொடக்கப் பாடத்தை நான் கண்டதில்லை.

சுற்றுச்சூழல் காரணமும் உண்டு. சுமார் 500 கிலோ எடையுள்ள ஒரு கன மீட்டர் உலர்ந்த மரத்தில் ஏறத்தாழ பாதி கார்பன். அது காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட 900 கிலோ. வெட்டிய இடத்தில் காடு மீண்டும் வளரும்போதும், வீடு பல தலைமுறை நிற்கும்போதும்தான் இந்தக் கணக்கு நன்மையாகும். எங்கிருந்தோ வெட்டப்பட்டு, எந்தக் காட்டிலிருந்து வந்தது என்றே தெரியாத மரத்தை வாங்கிவிட்டுச் சூழல் நலம் பேசக் கூடாது. மரம் எளிதாகக் கிடைக்காத இடத்தில் மரத்தைப் பிடித்துத் தொங்கவும் வேண்டியதில்லை. வங்கதேசத்தின் ருத்ரபூரில் 2005இல் எழுந்த மெட்டி பள்ளியை ஆன்னா ஹெரிங்கர் தம் பட்டப்படிப்பு ஆய்விலிருந்தே வளர்த்தெடுத்தார்; அங்கே கீழ்த்தளம் மண், மேல்தளம் மூங்கில். 2007இல் ஆகா கான் விருது பெற்ற கட்டடம் அது.

கேள்வி: எங்கள் குழு கட்டிய சிறு வீட்டில் சில மாதங்களிலேயே தரைப்பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. மழை நாட்களில் கதவு நிலையில் இறுகிக்கொள்கிறது. அளவுகளை இரண்டு முறை சரிபார்த்துத்தான் அறுத்தோம். எங்கே தவறினோம்? (மூன்றாம் ஆண்டு மாணவி)

அறுத்த நாளில் உங்கள் அளவு சரியாகவே இருந்திருக்கும். மரம் அதே அளவில் நிற்கும் என்று எண்ணியதில்தான் சிக்கல்.

மரத்தை நெடுக அடுக்கிக் கட்டிய மெல்லிய குழல்களின் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய புதிதில் குழலுக்குள்ளும் நீர் இருக்கும், குழலின் சுவரிலும் நீர் இருக்கும். உலரும்போது முதலில் உள்ளே இருக்கும் நீர் வெளியேறும். அப்போது அளவு மாறாது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுவரில் உள்ள நீர் போகத் தொடங்குகிறது, மரமும் சுருங்கத் தொடங்குகிறது. அதன் பிறகு அது காற்றின் ஈரத்தோடு ஒத்துப்போய்க்கொண்டே இருக்கும். காற்று உலர்ந்தால் சுருங்கும், ஈரமானால் விரியும். வீடு நிற்கும் காலமெல்லாம் இது ஓயாது.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு அன்று. நார் ஓடும் நீளவாக்கில் அது புறக்கணிக்கத்தக்கது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு இருக்கும். ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்கள் தரைப்பலகையின் முனையைப் பாருங்கள்: வளையக் கோடுகள் பலகையின் அகலத்துக்கு இணையாகப் படுத்திருந்தால், அதிகம் சுருங்கும் திசை அகலத்திலேயே அமைந்திருக்கிறது என்று பொருள். 150 மில்லிமீட்டர் அகலமுள்ள அப்படிப்பட்ட பலகை 18 விழுக்காட்டு ஈரப்பதத்திலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறங்கினால் 3 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகும். பத்துப் பலகை சேர்ந்த அகலத்தில் மூன்று சென்டிமீட்டர் மொத்தமாகக் காணாமல் போகும். நீங்கள் கண்ட இடைவெளிகள் இந்தக் கணக்குக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

இனி கட்டும்போது, மரம் வந்து இறங்கிய அன்றே ஈரப்பதமானியால் பல பலகைகளைச் சோதித்து எழுதி வையுங்கள். பிறகு பலகைகளுக்கு நடுவே சீரான சிறு குச்சிகளை வைத்து, காற்றுப் புகும்படி, அவை பொருத்தப்படப்போகும் இடத்துக்கு ஒத்த சூழலில் அடுக்கி, எண் நிலைபெறும் வரை காத்திருங்கள். கல்விப் பருவத்தின் கால அட்டவணையில் இந்தக் காத்திருப்புக்கு இடம் ஒதுக்காததே பல மாணவர் வீடுகளின் முதல் குறை. தரைக்கு நாக்கும் காடியும் கொண்ட பலகையை (ஒன்றின் விளிம்பு நீட்டம் அடுத்ததன் பள்ளத்துக்குள் நுழையும் வகை) தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஒரு விளிம்பில் மட்டும் ஆணியடித்தால், மறு விளிம்பு அசைய இடம் இருக்கும். சுருங்கினாலும் நாக்கு இடைவெளியை மறைக்கும். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல் விட வேண்டும். பழைய தச்சர்கள் இதைச் சொல்லிக் கொடுக்காமலே செய்து காட்டினார்கள்.

இறுகும் கதவை உடனே இழைப்புளியால் தேய்த்துவிடாதீர்கள். முதலில் கதவின் மேல் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கீழ் விளிம்புக்கு ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். வண்ணமோ எண்ணெயோ படாமல் வெறும் மரமாக இருந்தால், ஈரம் உள்ளே போகும் வழி அதுதான். கதவை மாட்டிய பிறகு பூசுகிறவர்களின் தூரிகை அந்த இரண்டு விளிம்புகளுக்கும் எட்டாது. கதவைக் கழற்றி, நன்றாக உலரவிட்டு, உரசும் இடத்தை மட்டும் மெல்ல இழைத்து, நான்கு விளிம்புகளையும் பூசிய பிறகு மாட்டுங்கள்.

கேள்வி: வசதியற்றவர்களின் வீட்டில் மாணவர்கள் பயிற்சி எடுப்பது சரியா? பணம் உள்ளவர் இதற்கு ஒப்புக்கொள்வாரா? (சமூகப் பணியாளர் ஒருவர்)

உங்கள் கேள்வியை ஒவ்வொரு திட்டமும் முதல் நாளே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. மாணவருக்குக் கிடைக்கும் கல்வி உண்மையானது என்பதாலேயே அங்கே வாழப்போகிறவருக்குக் கிடைக்கும் வீடும் நல்லதாகிவிடாது. இரண்டையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் கல்விதான் ஒதுங்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இலவசமாக வீடு தருகிறவர்களிடம் சமையலறை இங்கே வேண்டாம் என்று சொல்வது எளிதன்று. நன்றியே வாயை அடைத்துவிடும். அதனால் வெறும் படத்தைக் காட்டிச் சம்மதமா என்று கேட்பது போதாது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, உண்மையான அளவில் கட்டிலையும் அடுப்பையும் அட்டையால் செய்து வைத்து, அவர்களை உள்ளே நடக்கச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லத் தயங்குவதை நடை காட்டிவிடும். முட்டி வலியுள்ள முதியவர் ஒருவர் மூன்று படிகளுக்கு முன் எங்கே கையை ஊன்றத் தேடுகிறார் என்பதைப் பார்த்த மாணவர், அதற்குப் பிறகு கைப்பிடி இல்லாத படியை வரையவே மாட்டார்.

அடுத்தது, எதைச் சோதிப்பது, எதைச் சோதிக்காமலிருப்பது. புதுமை செய்ய ஆசைப்படுவது மாணவ வயதின் இயல்பு. அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் கூரை ஒழுகாமலிருப்பதும், பாரம் தாங்குவதும், தீயின்போது வெளியேறும் வழியும் சோதனைக்குரியவை அல்ல. அந்த இடங்களில் நெடுங்காலம் நின்று மெய்ப்பிக்கப்பட்ட முறையையே கைக்கொள்ள வேண்டும். திண்ணையின் பலகை வேலைப்பாட்டிலும், ஜன்னலோர இருக்கையிலும், அலமாரியிலும் புதியதை முயலலாம். அங்கே தவறினால் ஒரு பலகையை மாற்றினால் போதும்.

ரூரல் ஸ்டூடியோவின் வரலாற்றிலேயே ஒரு திருப்பம் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் வைக்கோல் கட்டுகளைச் சுவராக அடுக்கியும், பழைய கார்களின் முன்கண்ணாடிகளைப் பதித்தும் அவர்கள் எழுப்பிய கட்டடங்கள் உலகப் புகழ் பெற்றன. 2005இல் அவர்கள் வேறொரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள்: பொருளும் கூலியும் சேர்த்து 20,000 டாலருக்குள், உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவரே மறுபடியும் மறுபடியும் கட்டக்கூடிய நல்ல வீடு ஒன்றை வடிவமைக்க முடியுமா? குறைந்த அரசு ஓய்வூதியத்தில் வாழ்பவர் எவ்வளவு கடனைத் திருப்பிச் செலுத்த முடியும் என்பதிலிருந்து அந்தத் தொகை வந்தது. ஆண்டுதோறும் ஒரு குழு முந்தைய குழுவின் வீட்டை ஆராய்ந்து திருத்தியது. புகைப்படத்தில் அவை முந்தையவை போலக் கண்ணைக் கவராமல் இருக்கலாம். ஆனாலும் மாணவர் உழைப்பு வீட்டுக்காரரின் வாழ்க்கைக் கணக்கிலிருந்து தொடங்கியதால், இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் பணி இதுதான்.

இன்னொன்றும் உண்டு. கட்டிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போகிறவர்களுக்கும், அதே ஊரில் தொடர்ந்து இருப்பவர்களுக்கும் பொறுப்பில் பெரிய வேறுபாடு இருக்கிறது. கூரை ஒழுகினால் மறுநாள் காலை கடைத்தெருவில் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் ஆசிரியர், வரைபடத்தில் கையெழுத்திடும் முன் நிச்சயம் இன்னொரு முறை யோசிப்பார்.

கேள்வி: மர வீடு எளிதில் தீப்பற்றாதா? (பல வாசகர்கள்)

மெல்லிய பலகையும் சிறு சட்டங்களும் விரைவில் எரியும் என்பது உண்மை. அதனால்தான் அவற்றை ஜிப்சம் பலகை போன்ற தீத்தடுப்பு உறையால் மூடுகிறார்கள். கனமான தூணும் உத்தரமும் வேறு வகையாக நடந்துகொள்ளும். வெளிப்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பாகிறது. ஊசியிலை மரத்தில் கரி உள்ளே இறங்கும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். அரை மணி நேரத் தீயில் ஒவ்வொரு முகத்திலும் 20 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும் என்று கணக்கிட்டு, அந்த அளவைக் கூட்டியே பொறியாளர் தூணின் பருமனைத் தீர்மானிக்க முடியும். இணைப்புகளில் வெளியே தெரியும் இரும்புத் தகடுகள்தான் கவலைக்குரியவை; அவற்றை மரத்துக்குள் புதைத்துவிட வேண்டும்.

கேள்வி: மழை, கரையான் இரண்டையும் தாங்கி எத்தனை காலம் நிற்கும்? (ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்)

ஜப்பானின் நாரா அருகே உள்ள ஹோர்யுஜி கோயிலின் மரக் கட்டடங்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. எனவே காலத்தைத் தீர்மானிப்பது பராமரிப்பும் நீரைக் கையாளும் விதமும்தான். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம் தேவை. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளராது. நனைவது தவிர்க்க முடியாதது. நனைந்தபின் உலர வழியில்லாமல் போவதே ஆபத்து.

மாணவர் வரைபடத்தில் நான் முதலில் தேடிப் பார்ப்பது தூணின் அடியைத்தான். மரத்தின் பக்கங்களைவிட அறுபட்ட முனை பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். அந்த முனையை நேரே கான்கிரீட்டில் உட்கார வைத்தால், கான்கிரீட்டில் தேங்கும் ஈரம் அத்தனையும் தூணுக்குள் ஏறும். இரும்புக் காலணி ஒன்றின் மேல், மண்ணிலிருந்து குறைந்தது 200 மில்லிமீட்டர் உயரத்தில், நீர் வடிய இடைவெளி விட்டுத் தூணை நிறுத்த வேண்டும். மழைத்துளி தரையில் மோதித் தெறிக்கும் உயரத்தையும் அது தாண்ட வேண்டும். கூரையை அகலமாக நீட்டுவதும், வெளிப்பலகைக்கும் சுவருக்கும் நடுவே 20 மில்லிமீட்டராவது காற்றுவெளி விடுவதும் எந்த ரசாயனப் பூச்சையும்விட நீண்ட காலம் வேலை செய்யும்.

கரையானுக்கும் அதே உயரம் உதவும். வீட்டின் அடியில் குனிந்து பார்க்கும் அளவு இடம் இருந்தால், தூணில் ஏறும் மண் தடத்தைக் கண்டவுடன் நடவடிக்கை எடுக்கலாம். தூணின் அடியில் வைக்கும் உலோகத் தட்டு அந்தத் தடத்தை மறைவிலிருந்து வெளியே வர வைக்கும். மரம் வாங்கும்போது வைரம் பாய்ந்த பகுதியைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு உயர்ந்த சாதி மரமானாலும் பட்டையை ஒட்டிய வெளிர் பகுதிக்கு இயற்கையான காப்பு கிடையாது. அதற்கு மருந்தேற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: முப்பது மாணவர்கள் சேர்ந்து ஒரே வீட்டை எப்படி வடிவமைப்பது? ஒருவரின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் ஆர்வம் இழக்கிறார்கள். (கட்டடக்கலை ஆசிரியர் ஒருவர்)

பல குழுக்கள் திட்டம் தயாரித்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்து அனைவரும் கட்டுவது யேலில் நெடுங்கால வழக்கம். அதில் ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும். தேர்வு முடிந்த மறுநாளே திட்டத்தின் உரிமையைக் கலைத்துவிடுவதுதான் நான் கண்ட நல்ல வழி. கூரையை ஒரு குழுவிடமும், படியையும் திண்ணையையும் இன்னொரு குழுவிடமும், ஜன்னலை வேறொரு குழுவிடமும் ஒப்படைத்து, ஒவ்வொரு குழுவும் தன் பகுதியின் ஒரு மூலையை உண்மையான அளவில், உண்மையான மரத்தில் செய்து காட்ட வேண்டும் என்று விதியுங்கள். கைமரம் சுவர்ச் சட்டத்தின் மேல் வந்து உட்காரும் அந்த ஒரு முழத்தைச் செய்து முடிப்பதற்குள், யாருடைய திட்டம் வென்றது என்பது பெரும்பாலும் மறந்துபோகும். ஆணி பிளக்கிறதா, காப்புப் பஞ்சு எங்கே நிற்கும், தண்ணீர் எங்கே புகும் என்ற கேள்விகளில் எல்லாரும் ஒரே பக்கம் வந்துவிடுவார்கள்.

வடிவத்தைச் சிறியதாக வைத்திருப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பருவம் முடியும் தேதியை நகர்த்த முடியாது. வீட்டின் பரப்பைக் குறைக்க முடியும். பாதி கட்டி நின்ற பெரிய வீட்டைவிட, முடிந்து குடியேறிய ஓரறை வீடு மாணவருக்கும் குடும்பத்துக்கும் மேல்.

கேள்வி: கணினியும் ரோபோவும் அறுத்துக் கொடுக்கும் காலத்தில் மாணவர்கள் உளி பிடித்துப் பழகுவதால் என்ன பயன்? (பொறியியல் மாணவர் ஒருவர்)

இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. லண்டனின் ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன் (ஏஏ) கட்டடக்கலைப் பள்ளிக்கு டார்செட் பகுதியில் ஹூக் பார்க் என்ற காட்டு வளாகம் உண்டு. அங்கே மாணவர்கள் கட்டிய மரச்சீவல் கிடங்கின் தாங்கு வளைவு, கவை விட்ட பீச் மரக் கிளைகளால் ஆனது. மரங்களை முப்பரிமாணத்தில் படம்பிடித்து, எந்தக் கவை எங்கே பொருந்தும் என்று கணினியில் அடுக்கி, இணைப்புகளை ரோபோ கையால் செதுக்கினார்கள். கவையில் நார் அறுபடாமல் இரு கிளைக்கும் ஓடுவதால் அது இயற்கையே செய்து தந்த வலுவான மூட்டு. இதைக் கணினி கண்டுபிடிக்கவில்லை. மரத்தைக் கையால் பிளந்து பார்த்த அறிவிலிருந்து அது வந்தது. உளி எந்தப் பக்கம் சுலபமாக ஓடுகிறது என்று உணர்ந்தவருக்குத்தான் ரோபோவிடம் எந்தப் பக்கம் வெட்டச் சொல்வது என்று தெரியும்.

கேள்வி: என் மகள் இதுவரை சுத்தியல்கூடப் பிடித்ததில்லை. கட்டுமான இடத்துக்கு அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. விபத்து நேர்ந்தால், அல்லது வீடே பழுதானால், யார் பொறுப்பு? (தாய் ஒருவர்)

உங்கள் தயக்கம் நியாயமானது. கல்லூரியிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வரைபடத்தில் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா, உள்ளாட்சி அனுமதி பெறப்பட்டதா, மாணவர்களுக்கும் கட்டடத்துக்கும் காப்பீடு உண்டா. மாணவர் கட்டினார் என்பதற்காகச் சட்டம் எந்த விதியையும் தளர்த்துவதில்லை, தளர்த்தவும் கூடாது.

வேலை தெரியாமல் வருவது குறையன்று. நல்ல திட்டங்களில் அனுபவமுள்ள தச்சர் ஒருவர் முழு நேரமும் உடன் இருப்பார். அவருக்கு ஆசிரியருக்குரிய மதிப்பும் ஊதியமும் தருகிறார்களா என்பதை வைத்தே அந்தத் திட்டத்தின் தரத்தைக் கணித்துவிடலாம். முதல் சில நாட்கள் ரசமட்டம், மூலைமட்டம், கைவாள் ஆகியவற்றோடே கழிய வேண்டும். சுழலும் வாளை அதன் பிறகே தொட வேண்டும். அதனருகே தொங்கும் ஆடையோ அவிழ்ந்த கூந்தலோ கூடாது. கையுறையும் கூடாது, ஏனெனில் வாளின் பல் கையுறையின் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கட்டுமானத்தில் அதிக உயிர்களைப் பறிப்பது உயரத்திலிருந்து விழுவதுதான். ஆகையால் சாரத்துக்குக் கைப்பிடி இருக்கிறதா, கூரையில் ஏறுகிறவர் முழு உடல் பாதுகாப்பு வார் அணிகிறாரா என்பதை நீங்களே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெண் என்பதால் மகளுக்கு அளவெடுப்பதையும் கணக்கெழுதுவதையும் மட்டும் ஒதுக்குகிறார்களா என்பதையும் அப்போதே கவனியுங்கள். கைமாறி கைமாறி எல்லா வேலையும் எல்லாருக்கும் வர வேண்டும்.

கேள்வி: சாவியைக் கொடுத்த பிறகு மாணவர்களின் கடமை முடிந்துவிடுகிறதா? (குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒருவர்)

முடிவதில்லை. சாவியோடு ஒரு வீட்டுக்கோப்பும் கைமாற வேண்டும். எந்த மரம், எந்த அளவுத் திருகாணி, எந்தப் பூச்சு, மறுபூச்சு எப்போது என்பவை வீட்டுக்காரருக்குப் புரியும் மொழியில் அதில் இருக்க வேண்டும். சுவரை மூடுவதற்கு முன்பு ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் ஒன்றை ஒட்டி வைத்துப் படம் எடுத்து அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் ஆணியடிக்க வருபவருக்கு மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று காட்டும் ஒரே சான்று அதுவாகத்தான் இருக்கும். மாற்றுப் பலகைகள் சிலவற்றையும் அதே மரக் கொள்முதலிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிடலாம். எளிதில் கிடைக்காத பூட்டையோ கீலையோ பொருத்தியிருந்தால், அதை இப்போதே மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதல் பெருமழைக்குப் பிறகு ஒரு முறையும், முதல் வறண்ட பருவத்தின் இறுதியில் ஒரு முறையும் கல்லூரிக் குழு வந்து போல்ட்டுகளை முறுக்கி, கதவுகளைச் சரிசெய்து, தூண் அடியைச் சோதிக்க வேண்டும். மரம் உலர்ந்து சுருங்கும்போது போல்ட்டுகள் தளர்வது இயல்பு, அதை முதலாண்டிலேயே கவனிக்க வேண்டும். இந்த இரு வருகைகளுக்குமான செலவைத் திட்டத்தின் தொடக்க வரவு செலவிலேயே தனித் தலைப்பில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் பெறுங்கள். கட்டிய மாணவர்கள் பட்டம் பெற்றுப் போயிருப்பார்கள் என்பதால், அடுத்த அணி மாணவர்கள் தங்கள் வீட்டுக்கான முதல் கோட்டை வரைவதற்கு முன் இந்த வருகையைப் பாடத்தின் பகுதியாகவே செய்யும்படி கல்லூரியிடம் கோருவது நடைமுறைக்கு ஏற்ற வழி.